அரிவாளாக வளையும் ரத்தம்! மிளகும் கிராம்பும் தடுக்குமா?

நள்ளிரவு. குழந்தை அலறுகிறது. கையும் காலும் முதுகும் வலிக்கின்றன. அடிபடவில்லை. கீழே விழவும் இல்லை. தாய் எண்ணெய் தேய்க்கிறாள், ஒத்தடம் கொடுக்கிறாள். வலி அடங்கவில்லை.

ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியா நாட்டில் பல வீடுகளில் இந்த வேதனை உண்டு. இதன் பெயர், "அரிவாள் அணு நோய்".

அரிவாள் ஏன்?

ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்கள் வட்டமானவை. மெல்லிய குழாயிலும் வளைந்து நெளிந்து போய்விடும்.

இந்த நோய் உள்ளவர்களுக்கு, பிராணவாயு குறையும்போது அணுக்கள் கதிர் அரிவாள் போல வளைகின்றன, விறைத்தும் விடுகின்றன. ரத்தக் குழாயை அடைக்கின்றன. அதனால்தான் அந்த வலி!

நல்ல அணு 120 நாள் இருக்கும். அரிவாள் அணு 20 நாளுக்குள் அழிந்துவிடும். அதனால் ரத்த சோகையும் வருகிறது.

இது ஒட்டுவாரொட்டி அல்ல. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வருவது. நீலகிரி மலைவாழ் மக்களின் ரத்தத்திலும் இந்தக் குறை இருப்பது 1952-ல் தெரிந்தது.

நான்கே சரக்கு

நைஜீரியாவில் நாட்டு வைத்தியர் ஒருவரிடம் இதற்கு மருந்து இருந்தது. அபுஜா நகரில் உள்ள அரசாங்க மருந்து ஆராய்ச்சி நிலையம் அதை ஆராய்ந்தது.

அதில் என்ன இருந்தது தெரியுமா? ஒருவகை மிளகு, கிராம்பு, சோள இலை, வேங்கை இனத்து மரம் ஒன்றின் தண்டு. அவ்வளவுதான்! "நிப்ரிசான்" என்று பெயர் வைத்தார்கள்.

சோதனைச் சாலையில், அணு வளைவதை இந்த மருந்து தாமதப்படுத்தியது. பிறகு 82 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அசல் மருந்தையும் வெற்று மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எது அசல் என்று நோயாளிக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

2001-ல் முடிவு வெளியாயிற்று. அசல் மருந்து சாப்பிட்டபோது வலி வருவது குறைந்தது. ஆனால், ரத்த சோகை தீரவில்லை.

கம்பெனி திவால்

2006-ல் மருந்து விற்பனைக்கு வந்தது. பெற்றோர் மனதில் நம்பிக்கை பிறந்தது. 2008-ல், அதைத் தயாரித்த கம்பெனி திவாலாகி விட்டது!

அணு வளைவதைத் தடுக்கும் சத்து துவரையிலும் இருப்பதாக நைஜீரிய விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். ஆனால், குழாயில் பலித்தது உடலில் பலிக்க வேண்டும். அதற்கு இன்னும் பெரிய சோதனைகள் தேவை.

மிளகையும் கிராம்பையும் வீட்டில் அரைத்துக் கொடுத்தால் இந்த நோய் தீராது. டாக்டர் தரும் "ஹைட்ராக்சியூரியா" மருந்து வலியைக் குறைக்கிறது. நோய் உள்ள குடும்பத்தார், கல்யாணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பிறக்கப்போகும் பிள்ளையின் சுகம் அதில் இருக்கிறது.