எண்ணோடு எந்த வினை சேரும்? பணியிட ஆங்கிலச் சொல்லிணைவுகள்



மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சிப் பணிக்குப் போகும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் சொல் 'ஆன்போர்டிங்'. புதிதாகச் சேர்ந்தவரைக் குழுவின் வேலைக்குப் பழக்கும் கட்டம் அது. அது எப்படிப் போகிறது என்று சில எண்களால் அளப்பார்கள். அவற்றைப் பற்றிப் பேச, எந்தப் பெயர்ச்சொல்லோடு எந்த வினை சேரும் என்று தெரியணும். இதுதான் சொல்லிணைவு. தமிழில் 'தேர்வு எழுதினேன்' என்போம். 'தேர்வு செய்தேன்' என்றால் பொருளே வேறு. ஆங்கிலமும் அப்படித்தான்.

1. காலம்
'ரேம்ப்-அப் டைம்' என்பது புதியவர் முழு வேகத்தில் வேலை செய்ய ஆகும் காலம். இதனோடு 'ஷார்ட்டன்', 'ரிடியூஸ்', 'கட்' சேரும். குறைந்த காலத்தை 'ஸ்மால்' என்னாமல் 'ஷார்ட்' என்பார்கள்.

2. விகிதம்
20 பேர் சேர்ந்து, 90 நாளுக்குப் பிறகு 17 பேர் இருந்தால் 'ரிடென்ஷன் ரேட்' 85 விழுக்காடு. இதனோடு 'இம்ப்ரூவ்', 'பூஸ்ட்' சேரும். 'டர்ன்ஓவர்' வந்தால் கவனமா இருங்க. 'ஹை ஆன்யுவல் டர்ன்ஓவர்' என்றால் ஆண்டு விற்பனை அதிகம், நல்ல செய்தி. 'ஹை ஸ்டாஃப் டர்ன்ஓவர்' என்றால் பலர் வேலையை விட்டுப் போகிறார்கள், கவலைக்குரிய செய்தி.

3. 'டு', 'பை'
விகிதம் 80 விழுக்காட்டிலிருந்து 85 ஆனால், 'ரோஸ் டு 85 பர்சென்ட்' அல்லது 'ரோஸ் பை 5 பர்சென்டேஜ் பாயிண்ட்ஸ்'. தமிழில், '85 விழுக்காடாக உயர்ந்தது', '5 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தது'.

4. மொழிபெயர்க்கும்போது
'மீட் எ டார்கெட்' என்பதை 'இலக்கைச் சந்தித்தோம்' என்று எழுதிடாதீங்க, இலக்கை எட்டினோம். 'ரன் எ சர்வே' என்றால் கருத்தாய்வு நடத்தினோம், ஓட்டவில்லை.

5. எழுவாய் யார்?
புதியவர் தம் முதல் நிரலைக் குழுவின் தொகுப்பில் பதிவுசெய்ய 3 வாரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 'ஹி இஸ் ஸ்லோ' என்று எழுதினால் பழி அவர் தலையில் விழுகிறது. 'டைம் டு ஃபர்ஸ்ட் கமிட் வாஸ் த்ரீ வீக்ஸ்' என்றால் நடந்ததை மட்டும் சொல்கிறது. அவருக்குக் கணினி தாமதமாகக் கிடைத்திருக்கலாம். உள்நுழையும் அனுமதி வராமல் இருந்திருக்கலாம். வழிகாட்ட ஆள் இல்லாமலும் போயிருக்கலாம். இந்த அளவு குழு செய்த ஏற்பாட்டையும் சேர்த்தே காட்டுகிறது. ஆகவே அறிக்கையில் ஆளை அல்ல, அளவையே எழுவாயாக வையுங்கள். பிறகு காரணத்தைத் தனி வாக்கியத்தில் சொல்லலாம். ஒருவரின் வேலை நிலைப்பதா இல்லையா என்பதை இப்படிப்பட்ட ஒரு வரியும் தீர்மானிக்கக்கூடும்.

பயிற்சி: பொருந்தும் வினையைச் சேர்க்கவும்.
அ) ____ ஃபீட்பேக் (கேதர் / கேட்ச்)
ஆ) ____ ப்ராக்ரஸ் (ட்ராக் / ஃபாலோ டவுன்)
இ) ____ எ டார்கெட் (மிஸ் / லூஸ்)

விடை: கேதர், ட்ராக், மிஸ். வகுப்பில் செய்யும்போது ஒவ்வொன்றுக்கும் தமிழ் இணைவையும் கேளுங்கள்: கருத்தைத் திரட்டு, முன்னேற்றத்தைக் கண்காணி, இலக்கைத் தவறவிடு.