இரண்டும் இரண்டும் மூன்றேகாலா?

இரண்டும் இரண்டும் நான்கு என்பது ஒன்றாம் வகுப்பிலேயே நாம் கற்ற பாடம். ஆனால் 2012ஆம் ஆண்டில் எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு கணிப்பொறி, இரண்டும் இரண்டும் மூன்றேகால் என்று விடை சொல்லிற்று. அது பிழையான கணக்கா? வாருங்கள், ஆராய்ந்து பார்ப்போம்.

கணிப்பொறி வேலை செய்யும்போது வேண்டிய செய்திகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடமே நினைவகம். கடைகளில் இதை 'ரேம்' என்பார்கள். எங்கள் பொறியில் 1 கிகாபைட்டு ரேம் இரண்டு இருந்தன. சோதனை அளவீடுகளை வரைபடமாக்க அது நெடுநேரம் எடுத்துக்கொண்டது. எனவே அவற்றைக் கழற்றிவிட்டு, 2 கிகாபைட்டு ரேம் இரண்டை வாங்கிப் பொருத்தினோம். பொறியை இயக்கினால், 3.25 கிகாபைட்டு என்று திரை காட்டியது. முக்கால் கிகாபைட்டைக் காணோம்!

நான் சற்றும் யோசியாமல் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, பழுதான பொருளைக் கொடுத்துவிட்டீர்கள் என்று கடிந்துகொண்டேன். அவர் கோபப்படவில்லை. "ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள் ஐயா. குறை இருந்தால் மாற்றித் தருகிறேன்" என்றார். சோதித்துப் பாராமல் முடிவு கூறக்கூடாது என்று ஆண்டுதோறும் வகுப்பில் போதிக்கிற எனக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது.

உடனே சோதனையில் இறங்கினோம். முதலில் பொறியை நிறுத்தி, மின் இணைப்பையும் பிடுங்கினோம். நம் உடலில் சில ஆயிரம் வோல்ட் அளவுக்கு நிலை மின்சாரம் சேர்ந்திருக்கக்கூடும். நமக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் ரேமின் நுண்ணிய சுற்றுகளைக் கெடுத்துவிடும். ஆகவே பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, ரேமின் ஓரங்களை மட்டுமே பிடித்து எடுத்தோம். முதல் ரேமைத் தனியே பொருத்தினோம். 2 கிகாபைட்டு என்று காட்டியது. இரண்டாவதைத் தனியே பொருத்தினோம். அதுவும் 2 என்றே காட்டியது. செருகுமிடத்தை மாற்றிப் பார்த்தபோதும் அதே விடைதான். இரண்டையும் சேர்த்துப் பொருத்தினால் மட்டும் 3.25!

இன்னொன்றையும் கவனித்தோம். பொறி விழித்தெழும்போது, முதல் திரையில் 4096 மெகாபைட்டு என்று சரியாகவே எண்ணியது. 4096 என்பது 4 × 1024. அதாவது முழு 4 கிகாபைட்டு. ஆக ரேமும் பழுதில்லை, பொருத்தியதும் பிழையில்லை. பிறகு மிச்சம் எங்கே போயிற்று?

ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தபால்காரரிடம் 1 முதல் 400 வரை கதவு எண்கள் மட்டுமே உள்ளன. தெருவிலும் சரியாக 400 வீடுகள். ஆனால் பள்ளிக்கூடம், அஞ்சலகம், நூலகம் ஆகியவற்றுக்கும் எண் வேண்டுமே! 326 முதல் 400 வரையுள்ள எண்களை அவற்றுக்குக் கொடுத்துவிட்டால், 325 வீடுகளுக்குத்தான் எண் கிடைக்கும். மீதி 75 வீடுகள் இடிந்துபோகவில்லை, அங்கேதான் இருக்கின்றன. எண் இல்லாததால் தபால் போய்ச் சேராது, அவ்வளவே.

கணிப்பொறியின் கதையும் இதுதான். நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி உண்டு. அந்த முகவரி 0, 1 என்ற இரு இலக்கங்களால் ஆனது. எங்கள் பொறியை நடத்திய இயக்க முறைமை 32 இலக்க முகவரிகளையே கையாண்டது. ஓர் இலக்கத்தால் 2 முகவரிகள், இரண்டால் 4, மூன்றால் 8. இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால், 32 இலக்கங்களால் 429,49,67,296 முகவரிகள் கிடைக்கும். இதுவே 4 கிகாபைட்டு. ஆனால் திரைக்குப் படம் அனுப்பும் அட்டை, வலைப்பின்னல் அட்டை போன்ற உறுப்புகளுடனும் செயலி முகவரி வழியாகவே பேசுகிறது. மேல்கோடியில் உள்ள முகவரிகள் அவற்றுக்குப் போய்விட, எங்கள் ரேமுக்கு மூன்றேகால் மட்டுமே எஞ்சியது.

இந்த இடநெருக்கடி புதிதன்று. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். சொந்தக் கணிப்பொறியின் செயலிக்கு 20 முகவரிக் கம்பிகள். அவற்றால் 10,48,576 பைட்டுகளை, அதாவது 1024 கிலோபைட்டை எட்டலாம். அதிலும் 384 கிலோபைட்டு திரைக்கும் பிற உறுப்புகளுக்கும் ஒதுக்கப்பட்டதால், நிரல்களுக்கு 640 மட்டுமே கிடைத்தது.

சரி, பரிகாரம் என்ன? முகவரியின் இலக்கங்களைக் கூட்டுவதுதான். எங்கள் செயலி 64 பிட் வகையைச் சேர்ந்தது. எனவே 64 பிட் இயக்க முறைமையை நிறுவினோம். அப்போதும் 3.25தான்! தொடக்க அமைப்புகளைத் திறந்து பார்த்தபோது, 'நினைவக மறு முகவரியிடல்' என்ற வசதி அணைக்கப்பட்டிருந்தது. மறைந்துபோன ரேம் பகுதிக்கு 4 கிகாபைட்டுக்கு மேலே புது எண் கொடுப்பது அதன் வேலை. அதை இயக்கியதும், ஏறத்தாழ முழு 4 கிகாபைட்டும் பயனுக்கு வந்தது.

அன்று மாலையே கடைக்குச் சென்று, அந்த நண்பரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். "முதலில் எல்லாரும் என்னைத்தான் சொல்வார்கள் ஐயா; திரும்பி வந்து சொன்னவர் நீங்கள்தான்" என்று சிரித்தார்.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பழைய 32 பிட் பொறி இருந்தால், அதற்கு ரேம் வாங்குமுன் அதன் செயலியும் மதர்போர்டும் எவ்வளவு ஏற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீண் செலவு மிச்சமாகும்.

இறுதியாக உங்களுக்கு ஒரு கணக்கு. 64 கிகாபைட்டு நினைவகத்தை எட்ட எத்தனை முகவரிக் கம்பிகள் வேண்டும்? ஒவ்வொரு கம்பி கூடும்போதும் எண்ணிக்கை இரட்டிக்கும் என்பதை நினைவில் கொண்டு, தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 36 என்று வந்தால் உங்கள் கணக்குச் சரி. 1995இல் வந்த பென்டியம் புரோ செயலிக்கு இருந்தவை அத்தனை கம்பிகளே!