டயட்டீஷியனின் எட்டு மணி நேரம் எங்கே போகிறது?

(ஈஜிபுரா நிருபர்)

"இனி நான் என்ன சாப்பிடலாம்?" ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும் நோயாளி கடைசியாகக் கேட்பது இதைத்தான். பதில் சொல்ல வேண்டியவர் டயட்டீஷியன் எனப்படும் உணவியல் நிபுணர். எட்டு மணி நேர வேலையில் அவர் நோயாளியிடம் உட்கார்ந்து பேச எவ்வளவு நேரம் கிடைக்கிறது?

ஈஜிபுராவுக்குப் பக்கத்தில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி 1963-லும், அதன் ஆஸ்பத்திரி 1975-லும் தொடங்கப்பட்டன. இந்திய உணவியல் சங்கம் பிறந்ததும் 1963-ல்தான். ஆனாலும் டயட்டீஷியன் என்றால் சமையலறை மேற்பார்வையாளர் என்றே பலர் நினைக்கிறார்கள்.

வார்டைச் சுற்றி வருவது, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்ப்பது, குழாய் வழியே செலுத்தும் ஆகாரத்தைக் கணக்கிடுவது, சாப்பாட்டுத் தட்டுகளைச் சரிபார்ப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவர் வேலையே.

படுக்கைக் கணக்கு போதாது

இத்தனை படுக்கைக்கு ஒருவர் என்று கணக்கிட்டால் சரிவராது. நூறு படுக்கை கண் ஆஸ்பத்திரியும், நூறு படுக்கை சிறுநீரக ஆஸ்பத்திரியும் ஒன்றா?

ரயில்வேயில் வேலை ஆய்வு நடத்தித்தான் ஊழியரின் டூட்டி எவ்வளவு கடுமையானது என்று வகைப்படுத்துகிறார்கள். 1930-களில் இங்கிலாந்துப் பஞ்சாலைகளில் டிப்பெட் என்பவர் இன்னொரு வழி கண்டார். முன்கூட்டிச் சொல்லாத நேரங்களில் போய், அந்த நொடியில் என்ன வேலை நடக்கிறது என்று குறித்துக்கொள்வது. பல நாள் குறிப்புகளைக் கூட்டினால், நேரம் போகும் வழி தெரிந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனமும் ஒவ்வொரு வேலைக்கும் பிடிக்கும் நேரத்தைக் கொண்டு ஆள் தேவையைக் கணக்கிடும் முறையை 1998-ல் வெளியிட்டு, 2010-ல் திருத்தியது. ஓர் உதாரணம்: ஒரு நோயாளிக்கு அரை மணி வீதம் தினம் 30 பேர் என்றால் 15 மணி நேரம். அதற்கே இரண்டு பேர் வேண்டும்!

வேகம் மட்டும் போதுமா?

ஐந்து நிமிடத்தில் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். ராகிக் களி எவ்வளவு, சோறு எவ்வளவு என்பதை வீட்டில் சமைப்பவருக்குத் தமிழிலோ கன்னடத்திலோ விளக்க அந்த நேரம் போதாது. நோயாளிக்குப் புரிந்ததா என்பதையும் கூடவே அளக்க வேண்டும்.

2021-ல் வந்த துணை மருத்துவப் பணியாளர் சட்டத்தில் உணவியல் நிபுணர்களும் இடம் பெற்றுள்ளனர். படிப்புக்கும் பதிவுக்கும் அதில் வழி இருக்கிறது. ஆஸ்பத்திரிகள் இந்த நேரக் கணக்கையும் எடுத்தால், நோயாளியின் கடைசிக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல ஆள் இருப்பார்.