கட்டடக் கண்ணாடியின் போக்குவரத்தும் உழைப்பாளர் பாதுகாப்பும்

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் அமைந்துள்ள கொடகவெல போன்ற சிறு நகரங்களிலும், கடை முகப்புகளிலும் புதுவீடுகளின் யன்னல்களிலும் கண்ணாடி இன்று வழக்கமாகிவிட்டது. கடல்வழி வரும் இத்தகடுகள் கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி வழியாக மலைத்தெருக்களில் லொறியேறி வருகின்றன. அவற்றை இறக்குவோருள் தோட்டத்து லயங்களிலிருந்து நாட்கூலிக்கு வரும் இளைஞரும் உளர். அவர்தம் உழைப்பைக் கண்ணாடியின் இயல்போடு இணைத்து நோக்குவதே எமது நோக்கமாகும்.

முதற்கண் வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாகக் காண்போம். பிரித்தானியாவில் கண்ணாடி மீதான தீர்வை 1845இல் நீக்கப்பட்டது. 1851இல் இலண்டனில் எழுந்த பளிங்கு மாளிகைக்கு ஏறத்தாழ 3 இலட்சம் தகடுகள் பேர்மிங்ஹாமுக்கு அருகிலிருந்து புகையிரதத்திற் கொண்டுவரப்பட்டன. ஊதிச் செய்யப்பட்ட அத்தகடுகள் 49 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் உடையவை. ஒருவர் கைக்கு அடங்கியவை. செர்ணிஷேவ்ஸ்கி 1863இல் வெளியிட்ட ‘செய்ய வேண்டியது யாது?’ என்ற நாவலில், கூட்டுழைப்பின் வருங்காலம் கண்ணாடி மாளிகையாகக் கனவு காணப்பட்டது. ஆயின் வந்த வருங்காலம் வேறு. உருகிய வெள்ளீயத்தின் மீது கண்ணாடியை மிதக்கவிடும் முறையைப் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த பின்னர், தகடுகளின் பரப்புப் பன்மடங்காயிற்று. சுமக்கும் கை மட்டும் மாறவில்லை.

கண்ணாடி, சதுர மீற்றருக்கு, ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் 2.5 கிலோகிராம் நிறையுடையது. 3.66 மீற்றர் நீளமும் 2.44 மீற்றர் அகலமும் கொண்ட 6 மில்லிமீற்றர்த் தகடு ஒன்று ஏறத்தாழ 134 கிலோகிராம் ஆகும். இது அமுக்கத்தைத் தாங்கும்; இழுவையைத் தாங்காது. கண்ணுக்குப் புலப்படா நுண்வெடிப்புகளே அதன் வலுவைத் தீர்மானிக்கின்றன என்பதை 1921இல் கிரிபித் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் விளக்கினார். தகட்டைப் படுக்கையாக ஏற்றினால், லொறி குலுங்குந்தோறும் அது வளைய, கீழ்ப்பரப்பு இழுவைக்குட்பட்டு வெடிப்பு விரியும். நிமிர்த்தி வைத்தாலோ நிறை விளிம்பின் வழியே கீழிறங்கும். இதனாலேயே கண்ணாடி நிமிர்த்தியே கொண்டுசெல்லப்பட வேண்டும் என்பது விதியாயிற்று. விளிம்புகளின் கீழ் இறப்பரோ மரமோ இருத்தல் வேண்டும். கல்லோ இரும்போ தொடலாகாது.

இதற்கென இருபுறமும் சாய்ந்த சட்டகம் பயன்படுகின்றது. தகடுகள் நிமிர்நிலையிலிருந்து ஏறத்தாழ 5 பாகை சாய்த்து, இருபுறமும் சமநிறையாக அடுக்கி, பட்டியாற் கட்டப்படும். இறக்கும்போதும் இருபுறமும் மாறிமாறியே எடுத்தல் வேண்டும். மலைநாட்டில் இங்கேதான் ஆபத்து மறைந்துள்ளது. சரிவான ஓரத்தில் நிறுத்திய லொறி பக்கவாட்டில் 5 பாகை சாய்ந்தாலே, ஒருபுறத்துத் தகடுகளின் சாய்வு இல்லாதொழிந்து அவை செங்குத்தாகிவிடும். அந்நிலையிற் பட்டியை அவிழ்த்தால், பத்துத் தகடுகள் எனின் 1,340 கிலோகிராம் நிறை முன்னிற்பவர் மீது சரியும். எனவே சமதரையில் நிறுத்தாமல் கட்டவிழ்த்தலும், விழும் பக்கத்தில் நிற்றலும் தவிர்க்கப்பட வேண்டியவை.

இரத்தினபுரி மாவட்டத்தின் மழையும் கருதத்தக்கது. தகடுகளுக்கிடையே தங்கும் நீர், கண்ணாடியிலுள்ள சோடியத்தைக் கரைத்துக் காரமாகி, மேற்பரப்பை அரித்து அழியாக் கறையை ஏற்படுத்தும். இடையே தாளிட்டு, தார்ப்பாயால் மூடி, நனைந்தவற்றை உடன் பிரித்து உலர்த்துதல் அவசியம். ஈரமும் தூசியும் படிந்த பரப்பில் உறிஞ்சற் கிண்ணங்களும் பிடிகொள்ளா. காற்றிலோ பெருந்தகடு பாய்மரம் போன்று மனிதரை இழுத்துவிடும்.

சர்வதேசத் தொழில் அமைப்பின் 1967ஆம் ஆண்டு 128ஆம் இலக்கப் பரிந்துரை, வளர்ந்த ஆணொருவர் கையாற் சுமக்கும் உச்ச நிறையை 55 கிலோகிராம் எனக் கொள்கின்றது. இக்கணக்கின்படி மேற்கூறிய ஒரு தகட்டுக்கு மூவர் வேண்டும். ஏற்ற இறக்கமான வழியாயின் நால்வர். வெட்டுத் தாங்கும் கையுறையும் மணிக்கட்டுக் காப்பும் பாதணியும் இன்றியமையாதவை.

இவை யாவற்றுக்கும் மேலான விதி ஒன்றுண்டு: சரியும் கண்ணாடியைப் பிடிக்க முயலாதே, விலகி நில் என்பதே அது. எளிதாகத் தோன்றும் இவ்விதியே கடைப்பிடிக்க அரிதானது. உடைந்த தகட்டின் விலை தன் கூலியிற் கழிக்கப்படும் என்று அஞ்சும் தொழிலாளி அதனைக் கைவிடமாட்டான், கையை நீட்டுவான். பின்னர் அது ‘கவனக்குறைவு’ எனப்படும். உண்மையில் அவனது கையை நீட்டச் செய்தது கூலி உறவே என்பது மனங்கொள்ளத்தக்கது.

வேலையின்போது நேரும் காயத்துக்கு நட்டஈடு வழங்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இடமளிக்கின்றது. எனினும் பெயர் எப்பதிவேட்டிலும் இல்லாத நாட்கூலியாளன், லொறிக்காரர், கடைக்காரர், ஒப்பந்தக்காரர் ஆகியோருள் தன் முதலாளி யாரென நிறுவுவது எங்ஙனம்? ஆகவே சட்டகமும் கையுறையும் வேண்டும் என்பதோடு, இறக்குவோர் பெயர் அன்றன்றே பதியப்படவும், உடைவின் இழப்பு உடைமையாளரையே சாரவும் வேண்டும் என்கிறோம். கண்ணாடியை விழவிட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உறுதியாகும்போதே ஏனைய விதிகளும் பொருளுடையனவாகும்.