மனநிலையும் மனமாற்றமும்

பிறர் கருத்தை மாற்ற நினைப்பவர்கள் முதலில் அவர்களை மகிழ்விக்கப் பார்ப்பார்கள். பேரம் பேசுமுன் விருந்து வைப்பதும், விளம்பரத்தில் நகைச்சுவை சேர்ப்பதும் இதற்காகத்தான். பல நேரம் அது பலிக்கவும் செய்கிறது. அமெரிக்க உளவியலாளர் இர்விங் ஜானிஸ் குழுவினர் 1965இல் வெளியிட்ட ஆய்வில், நிலக்கடலை கொறித்து பெப்சி குடித்துக்கொண்டே கட்டுரைகளைப் படித்த மாணவர்கள், எதுவும் சாப்பிடாமல் படித்தவர்களைவிட அவற்றின் கருத்துகளுக்கு அதிகமாக இணங்கினார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதைத் துலக்கியது 1990இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வு. ஹெர்பர்ட் பிளெஸ், கெர்ட் போனர், நோர்பர்ட் ஷ்வார்ஸ், ஃபிரிட்ஸ் ஷ்ட்ராக் ஆகிய நால்வர் அதை நடத்தினர். மாணவர்கள் சிலரைத் தம் வாழ்வின் மகிழ்ச்சியான நிகழ்வையும், வேறு சிலரைத் துயரமான நிகழ்வையும் எழுதச் சொன்னார்கள். பின்பு, மாணவர் சேவைக் கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்று வாதிடும் உரையை அவர்கள் முன் வைத்தார்கள். சிலருக்குக் கிடைத்தவை வலுவான காரணங்கள், மற்றவர்களுக்குச் சொத்தையானவை. துயர மனநிலையில் இருந்தவர்களை வலுவான காரணங்கள் அசைத்தன, சொத்தையானவை அசைக்கவில்லை. மகிழ்ச்சியில் இருந்தவர்களிடம் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் எடுபட்டன. சோகத்தில் இருப்பவரை எளிதில் வளைத்துவிடலாம் என்ற பரவலான எண்ணத்துக்கு இது நேர் எதிரானது.

ஷ்வார்ஸ் இதற்குத் தரும் விளக்கம்: உணர்ச்சியும் மூளைக்கு ஒரு தகவல். வருத்தம் ஏதோ சரியில்லை என்று உணர்த்துவதால் மனம் விவரங்களைத் துருவுகிறது. மகிழ்ச்சி ஆபத்தில்லை என்று சொல்வதால் அந்த உழைப்பு தேவையில்லாமல் போகிறது. ஆனால் யோசிக்கும் திறன் அங்கேயேதான் இருக்கிறது. வாதங்களின் தரத்தைக் கவனிக்கச் சொன்னதும், மகிழ்ச்சியில் இருந்த மாணவர்களும் வலுவானதையும் சொத்தையானதையும் பிரித்தறிந்தார்கள். இந்த ஆய்வின் மிக முக்கியமான முடிவு இதுதான்.

இந்த விளக்கத்துக்கும் எல்லை உண்டு. டுவேன் வெஜனர், ரிச்சர்ட் பெட்டி, ஸ்டீபன் ஸ்மித் ஆகியோர் 1995இல் காட்டியபடி, செய்தி மனத்துக்கு இதமாக இருக்குமானால் மகிழ்ச்சியில் இருப்பவர்களும் அதை ஊன்றிப் படிக்கிறார்கள். மனச்சோர்வூட்டும் செய்தியைத்தான் மேம்போக்காகக் கடந்துபோகிறார்கள்; தம் மகிழ்ச்சியைக் காத்துக்கொள்ளும் முயற்சி அது.

விஷயம் கேட்பவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதும் பொருட்டு. பெட்டி குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், நகைச்சுவைத் தொடருக்கு இடையே பேனா விளம்பரம் காட்டப்பட்டது. பேனாவில் அக்கறை இல்லாதவர்களிடம் நல்ல மனநிலை நேரடியாகவே அதன்மீது விருப்பமாகப் படிந்தது. பேனா ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டி இருந்தவர்கள் ஆழ்ந்து யோசித்தார்கள். அவர்களிடம் மனநிலை முதலில் எண்ணங்களுக்குச் சாயம் ஏற்றி, அவற்றின் வழியாகவே கருத்தை மாற்றியது.