தபால் பெட்டிக்கு வழி விடுதல்

கடிதமொன்று ஆயிரம் மைல் கடந்து வருவது இக்காலத்தில் வியப்பன்று. ரயிலும் மோட்டாரும் ஆகாய விமானமும் அதனைச் சில தினங்களில் கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றன. ஆனால் வீட்டுக்கு எதிரேயுள்ள சாலையை எட்டிய கடிதம், பெட்டிக்குள் விழாமல் திரும்பிப் போய்விடுமானால், அத்தனை மைல் பிரயாணமும் பயனற்றதாகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கிராமவாசிகளும் சிற்றூர்வாசிகளும் தபாலைப் பற்றிக் கூறும் குறைகளுள் இது முக்கியமானதொன்று. பெட்டிக்கு முன்னே யாரோ ஒருவர் மோட்டார் வண்டியை நிறுத்திவிடுகின்றார். அல்லது உறைபனி குவிந்து வழியை அடைத்துவிடுகின்றது. தபால்காரர் கடிதத்தைக் கொடாமலே அப்பாற் போய்விடுகின்றார். மருந்துப் பொட்டலத்தையோ, தவணை தவறினால் அபராதம் விதிக்கும் கணக்குச் சீட்டையோ எதிர்பார்த்திருக்கும் முதியவருக்கு இதனால் நேரும் துன்பம் சிறிதன்று. இக்குறை எவ்வாறு உண்டாயிற்று, பொறுப்பு யாருடையது, நிவர்த்தி யாது என்பன இங்கே விளக்கப்படும்.

பெட்டி என்பது யாது?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் தபால் பெட்டி என்றவுடன், கடிதம் போடுவதற்காக வைக்கப்பட்டுள்ள சிவப்புப் பெட்டியே நினைவுக்கு வரும். தபால்காரர் வீட்டு வாசலுக்கு வந்து கடிதத்தைக் கொடுப்பதே இங்குள்ள வழக்கம். அமெரிக்கக் கிராமங்களிலோ, வீடுகள் தெருவாக நெருங்கியிராமல், அவரவர் நிலத்தின் நடுவே தனித்தனியாக அமைந்திருக்கின்றன. ஆதலால் ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் சொந்தச் செலவில் ஒரு பெட்டி வாங்கி, சாலையோரத்திற் கம்பம் நட்டு, அதன்மேற் பொருத்தி வைக்க வேண்டும். தபால்காரர் வண்டியில் இருந்தபடியே கையை நீட்டிக் கடிதங்களை அதனுள் வைப்பார். வீட்டார் அனுப்ப வேண்டிய கடிதம் ஏதேனும் இருந்தால், அதனைப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்திலுள்ள சிறு கொடியை நிமிர்த்திவிடுவர். அவ்வடையாளத்தைக் கண்டு தபால்காரர் அதனை எடுத்துச் செல்வார்.

குடியானவர்கள் பெற்ற சௌகரியம்

இவ்வேற்பாடு எளிதிற் கிடைத்ததன்று. அமெரிக்க நகரங்களில் வீடுதோறும் கடிதம் கொடுக்கும் முறை 1863-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஆரம்பமாயிற்று. கிராமவாசிகளுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. 1890-ஆம் ஆண்டில் அந்நாட்டு ஜனங்களில் நூற்றுக்கு 65 பேர், அதாவது ஏறக்குறைய 4 கோடியே 10 லட்சம் பேர், கிராமப் பகுதிகளிலேயே வசித்தனர். அவர்கள் பல மைல் தூரம் வண்டி கட்டிக்கொண்டு போய்த் தபாலாபீஸில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. உழவும் அறுப்பும் நடக்கும் காலத்தில் அதற்கு நேரமேது? கடிதங்களும் பத்திரிகைகளும் தபாலாபீஸில் வாரக்கணக்காகத் தேங்கிக் கிடந்தன. விளைபொருளின் விலை ஏறியதையும் இறங்கியதையும் குடியானவர் அறிவதற்குள், வியாபாரி அறிந்து லாபமடைந்துவிடுவார்.

1889 முதல் 1893 வரையில் தபால் இலாகாவின் தலைவராயிருந்த ஜான் வானமேக்கர் என்பவர், பிலடெல்பியா நகரத்தில் பெரிய ஜவுளி வியாபாரம் நடத்திப் பெயர் பெற்றவர். ஐம்பது பேர் வேலையை விட்டு ஊருக்கு வந்து தபால் வாங்கிப் போவதைவிட, ஒருவர் புறப்பட்டு ஐம்பது பேருக்கும் கொடுத்து வருவதே சிக்கனமென்பது அவர் கொண்ட கருத்து. தபாலுக்காக வரும் ஜனங்களை நம்பிப் பிழைத்த கிராமக் கடைக்காரர்கள் இதனை எதிர்த்தனர். செலவு மிகுமென்று சட்டசபையிலும் பலர் தயங்கினர். ஆனால் 1867-இல் தோன்றிய 'கிரேஞ்சு' என்னும் குடியானவர் சங்கம் இத்திட்டத்தை விடாது ஆதரித்தது. ஊர்தோறும் கிளைகள் கொண்டு, கூட்டுறவுக் கடைகளும் நடத்திப் பழகிய சங்கம் அது. தனியொரு குடியானவரின் விண்ணப்பத்திற்கு இல்லாத பலம் அதன் குரலுக்கு இருந்தது.

1896-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியன்று, மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் சார்லஸ் டவுன், ஹால்டவுன், யுவில்லா என்னும் மூன்று ஊர்களிலிருந்து கிராமாந்தர இலவசத் தபால் விநியோகம் பரீட்சையாகத் தொடங்கப்பெற்றது. ஓராண்டுக்குள் 29 மாகாணங்களில் 44 வழிகள் ஏற்பட்டன. 1902-இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. தபால்காரர் கடிதம் கொடுப்பதோடு நில்லாமல், தபால் தலை விற்பதும் மணியார்டர் ஏற்பதுமாக, நடமாடும் தபாலாபீஸாகவே விளங்கினார்.

சாலை நன்றாயிருந்தால்தான் தபால்

இங்கே ஒரு நிபந்தனை கவனிக்கத்தக்கது. வண்டி செல்லத்தக்க சாலை இல்லாத இடத்திற்குத் தபால் விநியோகம் அளிக்கப்படமாட்டாதென்று இலாகா கண்டிப்பாய்க் கூறிவிட்டது. ஆகவே தபாலை விரும்பிய ஊரார் முதலில் சாலையைச் செப்பனிட வேண்டியவராயினர். 1897 முதல் 1908 வரையில் ஸ்தல ஸ்தாபனங்கள் பாலம், மதகு முதலிய வேலைகளுக்கு ஏறக்குறைய 7 கோடியே 20 லட்சம் டாலர் செலவிட்டன. இண்டியானா மாகாணத்தில் ஒரு ஜில்லாவின் குடியானவர்கள் தங்கள் கையிலிருந்தே 2,600 டாலருக்கு மேல் போட்டுச் சாலையைச் சமப்படுத்திச் சரளை பரப்பினர். சர்க்கார் கடிதத்தைக் கொண்டுவரும், வழியை ஊரார் திறந்து வைக்க வேண்டும் என்னும் உடன்படிக்கை இவ்வாறு ஆதியிலேயே ஏற்பட்டுவிட்டது. இன்று பெட்டியைப் பற்றி எழும் வழக்குகளெல்லாம் இவ்வுடன்படிக்கையின் கிளைகளே.

பெட்டியின் அளவு

முதலில் ஜனங்கள் கையில் அகப்பட்டதையெல்லாம் பெட்டியாக்கினர். கொழுப்பு அடைத்து வந்த தகர வாளி, பாகு டப்பா, சவுக்காரப் பெட்டி முதலியவற்றைக் கம்பத்தில் அறைந்து வைத்தனர். மழை நீர் புகுந்து கடிதங்கள் கெட்டன. கூர்மையான தகரம் தபால்காரரின் கையைக் கிழித்தது. எனவே இலாகா பெட்டிகளுக்கு விதிகள் வகுத்தது. 1915-இல் அவ்விலாகாவின் என்ஜினீயராகிய ராய் ஜோரோல்மன் என்பவர், மேற்புறம் வளைந்த கூண்டு போன்ற ஒரு பெட்டியை அமைத்தார். அவ்வடிவமே இன்றும் சாலைதோறும் காணப்படுகின்றது.

பெட்டி சாலைமட்டத்திலிருந்து 41 முதல் 45 அங்குல உயரத்திலும், சாலை விளிம்பிலிருந்து 6 முதல் 8 அங்குலம் உள்ளடங்கியும் இருக்க வேண்டுமென்பது இப்போதைய விதி. இதற்குக் காரணம் தெளிவு. அந்நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகச் செல்கின்றன. பெட்டியும் வலப்பக்கத்திலேயே நிற்கின்றது. தபால் வண்டிகள் பலவற்றில் ஓட்டுபவர் வலப்புறமாக அமர்ந்து, இறங்காமலே பெட்டியைத் திறக்கின்றார். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பெட்டிகளைப் பார்க்க வேண்டியவர், ஒவ்வொன்றுக்கும் இறங்கி ஏறினால் பொழுது போதாது. பெட்டிக்கு முன்னும் பின்னும் இடம் இல்லையெனில், வண்டியைப் பின்னுக்குத் தள்ளியே வெளிவர நேரும். பின்னால் குழந்தைகள் விளையாடுவதை ஓட்டுபவர் காண இயலாது. அதனால் அபாயம் விளையும்.

அடைப்பு மூவகை

முதலாவது, வீட்டாரின் அசிரத்தையால் உண்டாவது. கம்பம் சாய்ந்து விடுவது, கதவு துருப்பிடித்துத் திறவாமை, செடிகொடி படர்ந்து பெட்டியை மறைப்பது, பல நாள் எடுக்காத கடிதங்களால் பெட்டி நிரம்பி வழிவது ஆகியவை இவ்வகையின. வெளியூர் செல்வோர் முன்கூட்டியே தெரிவித்தால், 30 நாள் வரையில் கடிதங்களைத் தபாலாபீஸிலேயே நிறுத்திவைக்க வசதியுண்டு.

இரண்டாவது, உறைபனியால் உண்டாவது. வட மாகாணங்களிற் குளிர்காலத்தில் சாலையைச் சுத்தஞ் செய்யும் கலப்பை வண்டி, பனியை ஓரத்திலே தள்ளிச் செல்லும். அப்பனி பெட்டியின் முன்னே மேடாகக் குவிந்து, கல்லைப்போல் இறுகிவிடும். வீட்டுக்காரர் காலையில் வாரி எறிந்திருப்பார். நண்பகலில் கலப்பை மறுபடியும் வந்து மூடிவிடும். குவித்தது ஊர்ச் சாலை இலாகா. வார வேண்டியவர் வீட்டுக்காரர்.

மூன்றாவதே மிகுந்த மனத்தாங்கலை விளைப்பது. அயலாரோ, அவர் வீட்டு விருந்தினரோ, வேலையாட்களோ பெட்டிக்கு நேரே வண்டியை நிறுத்திச் செல்வது இவ்வகையைச் சேர்ந்தது. பொதுச்சாலையில் வண்டி நிறுத்துவதைத் தடுக்கும் அதிகாரம் தபால் ஸ்தாபனத்திற்கு இல்லை. அது நகரசபைகளின் அதிகாரம். அயலாரோ, சாலை எல்லாருக்கும் பொதுவென்பார். தபால்காரரோ, வழியில்லையென்பார். இருவருக்குமிடையே கடிதத்தை இழப்பவர் பெட்டிக்குரியவர்.

விதி கூறுவது

இவ்விஷயத்தில் தபால் ஸ்தாபனத்தின் விதி பலர் நினைப்பது போல் அவ்வளவு கடுமையானதன்று. பெட்டிக்குச் செல்லும் வழியைத் திறந்து வைப்பது வீட்டாரின் கடமையென்று அது கூறுவது உண்மையே. ஆனால் வண்டியினாலோ பனியினாலோ வழி தற்காலிகமாய் அடைபட்டிருப்பின், தபால்காரர் சாதாரணமாக இறங்கிச் சென்று கொடுப்பாரென்றும் அதே விதி கூறுகின்றது. அடைப்பு அடிக்கடி நேரிட்டு, அதனைத் தடுக்கக் கூடிய நிலையிலுள்ள வீட்டார், முறைப்படி எச்சரிக்கப்பட்ட பின்னரும் தடுக்காமல் இருந்தால்தான், மேலதிகாரியின் சம்மதத்துடன் விநியோகத்தை நிறுத்தலாம். 'தடுக்கக் கூடிய நிலையில்' என்னும் சொற்கள் முக்கியமானவை. அயலாரின் வண்டியை அகற்ற வகையில்லாதவரை அவ்விதி தண்டிக்கவில்லை.

இவ்விதி ஜனங்களுக்குத் தெரியாதிருப்பதும், தபால்காரர் சிலர் அவசரத்தில் இறங்காமற் போவதுமே பெரும்பாலான சச்சரவுகளுக்குக் காரணம். தபால்காரரின் கஷ்டத்தையும் மறத்தலாகாது. வழுக்கும் பனிமேட்டில் ஏறி விழுந்து கால் முறிந்தால், அவ்வழியிலுள்ள அத்தனை வீடுகளுக்கும் தபால் தடைப்படும்.

நிவர்த்தி

வீட்டார் முதலிற் செய்யத்தக்கது, பெட்டிக்கு இருபுறமும் வண்டி வந்து நின்று புறப்படுமளவு இடத்தைச் சுத்தமாக வைத்தலேயாகும். அயலாரிடம் சண்டைக்குப் போகாமல், தபால் வரும் வேளையைச் சொல்லி, அவ்வேளையில் மட்டும் இடம் விடுமாறு கேட்பது நன்று. தபால் தவறிய தேதிகளைக் குறித்து வைத்து, போஸ்ட்மாஸ்டருக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும். வாய்ப்பேச்சில் முடியாதது தேதியிட்ட குறிப்பினால் முடிவதுண்டு. அவர் அனுமதி பெற்றுப் பெட்டியை வேறிடத்திற்கு மாற்றவும் செய்யலாம். நோயினாலோ அங்கவீனத்தினாலோ பெட்டி வரை நடக்க இயலாதவர், வைத்தியரின் சீட்டுடன் விண்ணப்பித்து, வாசலிலேயே கடிதம் பெறுவதற்கும் இடமுண்டு.

இவற்றினும் மேலானது, அண்டை வீட்டார் பலர் ஒன்றுகூடிச் செய்வது. பெட்டிகளையெல்லாம் வசதியான ஓரிடத்தில் வரிசையாக நட்டுக்கொண்டால், பத்து இடங்களில் வாரும் பனியை ஓரிடத்தில் வாரினாற் போதும்; முறை வைத்துக்கொண்டால் முதியவர் மண்வெட்டியைத் தொட வேண்டியதே இல்லை. தபால் வேளையில் பெட்டியருகே வண்டி நிறுத்தலாகாதென்று ஊர்ச்சபை விதி செய்யும்படி பலர் கையெழுத்திட்டுக் கேட்பதும் பலனளிக்கக்கூடும். சில ஊர்களில் அத்தகைய விதிகள் உள்ளன.

1896-க்கு முன் கிராமத்திற்குத் தபால் வராதிருந்தபோது, குடியானவர்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்டனர்; சாலையைத் தாங்களே செப்பனிட்டனர்; தபால் வந்தது. இன்று வந்த தபால் வாசலிற் தடைப்படும்போதும் மார்க்கம் அதுவே. தனித்தனியே பெட்டி வைத்திருப்போர் அனைவருக்கும் வழி ஒன்றே. பொது வாய்க்காலை ஒருவர் அடைத்தால் கடைமடைக்காரரின் பயிர் வாடுமென்பதை அறிந்த கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.