தழையின் காப்பு

மார்கழி முடியும் நாளில், கோயம்புத்தூர்க் கடைவீதிகளில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டிய சிறு கட்டுகள் குவிந்துகிடப்பதையும், கொங்கு நாட்டார் அவற்றை வாங்கிச் சென்று வீட்டு எரவாணத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் தோட்டத்து மூலையிலும் செருகுவதையும் கண்டவர்கள், அதற்குக் 'காப்புக் கட்டு' என்று பெயர் வழங்குவதை அறிவார்கள். அந்தக் கட்டைக் கண்டு பூச்சி ஓடுமா என்பது வேறு விஷயம். தழையே வீட்டுக்குக் காவல் என்ற எண்ணமோ, தானியப் பானையிலும் துணிப்பெட்டியிலும் அந்திநேரத்துப் புகையிலும் வருஷம் முழுவதும் காரியமாகவே நடந்துவந்த சம்பிரதாயம்.

வேலியோரத்து நொச்சியை எடுத்துக்கொள்வோம். விரல் விரித்த கைபோல் மூன்றும் ஐந்துமாக இலை விடும் அதை ஆடுமாடுகூட எளிதில் கடிப்பதில்லை. என் அம்மிச்சி, தட்டைப்பயிற்றை நல்ல வெயிலில் காயவைத்து ஆறவிட்டு, மொடாவில் ஒரு சாண் பயிறு, ஒரு பிடி நொச்சித்தழை என்று மாற்றி மாற்றி நிரப்புவாள். பச்சைத் தழையை நான் நீட்டினால், "வேண்டாங் கண்ணு, ஈரத்தழையப் போட்டா பூசணம் புடிச்சுப் போயிரும், நெழல்ல ஒணத்தி எடுத்தா" என்பாள். அதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. வண்டு பயிற்றின் தோல்மேல் முட்டையிட, பொரிந்த புழு உள்ளே துளைத்துச் சென்றுவிட்டால், பிறகு எந்த வாசனையும் அதனை எளிதில் தீண்டாது. ஆகையால் வெயில் முதலில், தழை பிறகு.

ஓடி ஒளிய இயலாத தாவரம், தன்னைத் தின்ன வருவனவற்றை விலக்கவே இலையின் நுண்ணிய பைகளில் ஆவியாகும் எண்ணெயைச் சேர்த்துவைக்கிறது. நம் மூச்சையும் வியர்வையையும் மோந்து வரும் கொசுவை அந்த நெடி தடுமாறச் செய்கிறது. ஆனால் பை உடையாதவரை நெடியும் அதிகம் வெளிப்படாது; ஜன்னலில் துளசித்தொட்டியை வைத்துவிட்டு நிம்மதியாகத் துயிலலாம் என்று எண்ணுவோர் இதனை மறந்துவிடுகிறார்கள். கசக்க வேண்டும், இடிக்க வேண்டும், காய்ச்ச வேண்டும், அல்லது தணலில் இட வேண்டும்.

வசம்பை இடித்துத் தூளாக்கியே தானியத்திற்கும் துணிக்கும் இட்டார்கள். ஓலைச்சுவடிகளுக்கு எலுமிச்சைப்புல்லின் எண்ணெயை வடித்தெடுத்தே பூசினார்கள். 1843-ஆம் ஆண்டளவில் நீலகிரிக்கு வந்த தைலமரமும் இலையைக் காய்ச்சிய பின்னரே தைலம் தருகிறது. அதன் உறவான எலுமிச்சை மணத் தைலமரத்தின் எண்ணெயைப் பக்குவப்படுத்திப் பெறும் பொருளை, அமெரிக்க நோய்த்தடுப்பு மையமும் கொசு விலக்கியாக ஏற்றிருக்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பூசலாகாது என்ற எச்சரிக்கையும் உடன் உண்டு.

வாசனை விலக்குமேயன்றிப் பெரும்பாலும் கொல்லாது. ஆவியாகும் பொருளாதலால் நெடுநேரம் நிற்பதுமில்லை. அடைத்த அறையில் மூட்டும் நொச்சிப்புகை, கொசுவோடு கைக்குழந்தையின் மூச்சையும் திணறடிக்கும். டெங்குவைப் பரப்பும் கொசுவோ பகலில் கடிப்பது. சிமெண்ட் தொட்டியின் நல்ல தண்ணீரிலும் முட்டையிடுவது. அந்தத் தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவாமல் அந்தியில் புகை மட்டும் போடுவது, வெயிலில் காயாத பயிற்றின்மேல் தழை பரப்புவதற்கு ஒப்பாகும். அம்மிச்சியின் மொடாவைக் காத்ததில் நொச்சிக்குப் பாதிப் பங்குதான். மறுபாதி, அமாவாசைதோறும் அதைத் திறந்து, பொடிந்த தழையை மாற்றிய அவள் கையைச் சேர்ந்தது.